பக்கத்துப் பண்ணையின் கணக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. இப்படிப்பட்ட பண்ணையை நிர்வகிப்பவர், தன் வேலை நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்து முடிவு செய்வார்? அடுத்த பண்ணைக்காரரைப் பார்த்துத்தான். ஆனால் ஒருவரிடம் 5,000 மாடு, இன்னொருவரிடம் 50,000. ஒருவர் கன்றாகவே விற்கிறார், மற்றவர் கொழுக்க வைத்து விற்கிறார். எதை எதோடு ஒப்பிடுவது?

அதற்கு ஒரு பொது அலகு வைத்திருக்கிறார்கள்: 'அடல்ட் ஈக்விவலென்ட்'. எடை கூடாமல் குறையாமல் இருக்கும் 450 கிலோ எருதுக்கு வேண்டிய தீனி ஓர் அலகு. கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு ஒன்றுக்கு மேல், பால் மறந்த கன்று ஒன்றுக்குக் கீழ். மந்தை முழுவதையும் இப்படி மாற்றிவிட்டால், அப்புறம் இரண்டே கேள்விகள்தான். ஓர் அலகுக்கு ஆண்டில் எத்தனை கிலோ உயிர் எடை விளைந்தது? ஒரு கிலோவுக்கு எவ்வளவு செலவு?

இதில் விற்பனை விலை இல்லை. விலையை முடிவு செய்வது இந்தோனேசியாவுக்குக் கப்பலேற்றும் ஏற்றுமதியாளரும் இறைச்சி ஆலையும். பக்கத்துப் பண்ணை செழித்தால் தன் மாட்டின் விலை இறங்காது. அதனால்தான் இவர்கள் கணக்கை ஒளிக்காமல் எடுத்து வைக்க முடிகிறது.

நிலத்தையும் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 'கேஷ் கவ்' என்ற ஆய்வு, வடக்கு ஆஸ்திரேலியாவில் 70க்கும் மேற்பட்ட பண்ணைகளில் சுமார் 78,000 பசுக்களைக் கவனித்தது. கன்று ஈன்ற நான்கு மாதத்துக்குள் மறுபடி சினைபிடித்த பசுக்கள், நல்ல புல்வெளிப் பகுதிகளில் பாதிக்கு மேல். வடகோடிக் காட்டுப் பகுதியில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. அங்கே இருப்பவரிடம் மற்ற பகுதியின் எண்ணைக் காட்டினால் எரிச்சல்தான் வரும். அதே மண்ணில் முந்தி நிற்பவரின் எண் என்றால் காதுகொடுப்பார்.

என்னைக் கேட்டால், மிகச் சங்கடமான எண் சாவுதான். ஹெலிகாப்டர் வைத்து ஆண்டுக்கு ஓரிரு முறை மாட்டை வளைத்துச் சேர்க்கும் இடத்தில், செத்தது யார் கண்ணிலும் படாது. ஆண்டுத் தொடக்க இருப்போடு பிறந்ததையும் வாங்கியதையும் கூட்டி, விற்றதையும் கடைசி இருப்பையும் கழித்தால் மிஞ்சுவது காணாமல் போனவை. பலருக்கும் அது நினைத்ததைவிடக் கூடுதலாகவே வரும்.

ஏன் செத்தன என்பதை அந்தக் கழித்தல் சொல்லாது. வடக்கில் பெரும்பகுதி மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. அந்தச் சத்துக்கு ஏங்கும் மாடு, செத்த மாட்டின் எலும்பைக் கடிக்கும். பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. பாஸ்பரஸை மழைக்காலத்தில் கொடுக்க வேண்டும்; புல்லில் புரதம் ஏறி மாடு வளர்வது அப்போதுதான். சரி, அப்போது பாதையெல்லாம் வெள்ளமாயிற்றே, லாரி எப்படிப் போகும்? மழைக்கு முன்பே சரக்கைக் கொண்டுபோய்க் கூரை போட்ட தொட்டிகளில் நிரப்புவது, எந்த மேட்டில் வைத்தால் மாடு தேடி வரும் என்பது, இதையெல்லாம் செய்து பார்த்த பண்ணைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.