சொல்லா அறிவு: ‘டாசிட் நாலெட்ஜ்’ தமிழுக்கு வரும்போது

கணக்கு நிறுவனத்தை எப்படி வளர்ப்பது என்று பேச்சு எழும் இடங்களில் ‘டாசிட் நாலெட்ஜ்’ என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. மூத்தவர் ஒருவரின் தலைக்குள் இருப்பதை எழுத்தில் இறக்கினால்தான் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க முடியும், ஒப்படைத்தால்தான் அவர் ஒருவரின் நேரத்தைத் தாண்டி நிறுவனம் வளரும் என்பது வாதம். வாதத்தில் எனக்குக் குறை இல்லை. அந்தச் சொல்லைத் தமிழில் பெயர்ப்பதில்தான் ஆளுக்கொரு வழி: மறைமுக அறிவு, உள்ளார்ந்த அறிவு, மௌன அறிவு, அனுபவ அறிவு. எந்தப் பெயரை எடுக்கிறோமோ அதற்கேற்ப நாம் தேடுகிற பொருளும் மாறிவிடுகிறது.

‘டாசிட்’டின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டாசெரே’ என்றால் பேசாதிருத்தல். ‘டாசிட்டுஸ்’ என்றால் பேசாத, வாய்விட்டுச் சொல்லப்படாத. (பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த ரோமானிய வரலாற்றாசிரியர் ஒருவருக்கு இதே பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை.) இதற்கு எதிர்ச்சொல்லாக வழங்கும் ‘எக்ஸ்பிளிசிட்’, மடிப்பை விரித்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. ஆக, ஒன்று பேசாமல் இருப்பது, மற்றது மடிப்பு விரிந்தது. எவரோ எதையோ ஒளித்து வைத்தார் என்ற குறிப்பு இரண்டிலும் இல்லை.

இந்தச் சொல்லை அறிவோடு சேர்த்துப் புகழ்பெறச் செய்தவர் ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் பொலானி. வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்தவர். நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்கு அதிகம் தெரிந்திருக்கிறது என்பது 1966-ல் அவர் வைத்த கருத்து. தெரிந்தவரின் முகத்தை ஆயிரம் முகங்களுக்கு நடுவில் கண்டுகொள்கிறோம், எப்படிக் கண்டுகொண்டோம் என்று கேட்டால் விழிக்கிறோம் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. 1990-களில் ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நோனகா இதை நிறுவன மேலாண்மைக்குள் கொண்டுவந்தார். அதன்பிறகுதான் ஆலோசகர்களின் வாயில் இந்தச் சொல் புகுந்து புழங்கத் தொடங்கியது.

கணக்கு மேசையில் இது எப்படி இருக்கும்? இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் ‘டிரயல் பேலன்ஸ்’) சேரவில்லை, பற்றுப் பக்கத்துக்கும் வரவுப் பக்கத்துக்கும் 540 வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வருகிறார். மூத்தவர் எட்டிப் பார்க்கிறார். “எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது. நூறாம் இடத்தையும் பத்தாம் இடத்தையும் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். பத்து நிமிடத்தில் 7,825 என்பது பேரேட்டில் (கணக்கு வாரியாகப் பதிவுகளைத் தொகுக்கும் ‘லெட்ஜர்’) 7,285 என்று ஏறியிருப்பது அகப்படுகிறது.

இது மந்திரமில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 540-ஐ ஒன்பதால் வகுத்தால் 60. அந்த ஆறுதான் இடம் மாறிய இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம்: எட்டும் இரண்டும். பின்னால் ஒரு சுழியம் இருப்பதால் மாற்றம் நடந்தது நூறாம், பத்தாம் இடங்களில். ஒன்பதால் வகுபடாவிட்டால் மூத்தவர் அடுத்ததாக வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவார். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் பிழை இரட்டிப்பாகத்தானே தெரியும்! இவ்வளவும் அவர் மனதுக்குள் இரண்டு விநாடியில் ஓடுகிறது. அவரிடம் கேட்டால், “பார்த்தால் தெரிந்துவிடும்” என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. தான் ஒன்பதால் வகுக்கிறோம் என்பதே அவர் நினைவில் இருப்பதில்லை.

அதனால்தான் ‘மறைமுக அறிவு’ எனக்கு ஒப்பவில்லை. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று வேறு ஒருவர் வழியாக நடப்பதற்கு நாம் அந்த அடைமொழியைத் தந்துவிட்டோம். போதாக்குறைக்கு, ‘மறை’ என்று வந்தவுடன் ஊழியர் தொழில் ரகசியத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. ‘மௌன அறிவு’ தியானக் கூடத்துச் சொல். ‘அனுபவ அறிவு’, ‘பட்டறிவு’ இரண்டும் அறிவு வந்த வழியைச் சொல்கின்றனவே தவிர, அது இப்போது இருக்கும் நிலையைச் சொல்லவில்லை. பட்டறிவை அழகாக எழுதி வைத்தவர்களும் உண்டே.

‘உள்ளுறை அறிவு’ என்பதில் சிறிது காலம் மயங்கியிருந்தேன். தொல்காப்பியம் பேசும் உள்ளுறை உவமத்தில் சொல்ல வந்தது வெளியே வராமல் காட்சிக்குள்ளேயே தங்கியிருக்கும், பழகியவர் அதைப் பிடித்துக்கொள்வார். பொருத்தம் நெருங்கி வருகிறது. ஆனால் உள்ளுறையைப் புலவன் தெரிந்தே வைக்கிறான். நம் மூத்தவருக்குத் தன்னிடம் அது இருப்பதே தெரியாது.

இலக்கண வகுப்பில் படித்த தொகையும் விரியும் இன்னும் நெருக்கமானவை. ‘தயிர்க்குடம்’ என்கிறோம், ‘தயிரை உடைய குடம்’ என்பது அதன் விரி. ‘ஐ’யும் ‘உடைய’வும் தொக்கி நிற்கின்றன, ஆனாலும் கேட்பவருக்குப் புரிகிறது. மூத்தவரின் கோப்பில் ‘வங்கி பார்க்கப்பட்டது’ என்று இரண்டே சொல் இருக்கும். அது சுத்தமான தொகை. விரித்தால், இந்த வாடிக்கையாளரின் எழுத்தர் கடன் தவணை முழுவதையும் வட்டிச் செலவாக எழுதிவிடுவார், அசலைப் பிரித்துக் கடன் கணக்கில் கழிக்க வேண்டும், ஆண்டின் கடைசி வாரத்தில் கொடுத்த காசோலைகள் அடுத்த மாதத்தில்தான் பணமாகும் என்று அரைப்பக்கம் வரும். ‘தொகையறிவு’ என்றே பெயர் வைத்துவிடலாம்தான். ஆனால் கணக்கு நிறுவனத்தில் போய்த் தொகை என்றால் எவ்வளவு தொகை என்று கேட்பார்கள்.

கடைசியில் நான் புழங்குவது ‘சொல்லா அறிவு’. ஓடாக் குதிரை, அழியாப் புகழ் போல இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதற்குக் காலம் கிடையாது. இதுவரை சொல்லாத, இப்போதும் சொல்லாமல் இருக்கிற, ஒருவேளை சொல்லவே வராத என்று மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. ‘சொல்ல முடியாத அறிவு’ என்று எழுதினால் கதவை முன்கூட்டியே சாத்திவிடுகிறோம். ‘சொல்லாத அறிவு’ என்றாலோ கேட்டால் சொல்லிவிடுவார் என்று ஆகிவிடுகிறது. ஒன்பதால் வகுப்பது, கேட்கத் தெரிந்தவர் கேட்டால் வெளியே வரும். ஒரு செலவுப் பட்டியலைப் பார்த்ததும் ‘இது இந்தத் தொழிலுக்குச் சரியில்லையே’ என்று உறுத்துகிறதே, அது லேசில் வராது.

சொல்லா அறிவை எழுத்தில் விரிப்பது கணக்கியலுக்குப் புதிய சங்கதி அல்ல. ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலும் எழுதும் இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர் என்று இத்தாலியத் துறவி லூகா பச்சோலியைப் பலர் சொல்வார்கள். அவர் கண்டுபிடிக்கவில்லை. 1340-ம் ஆண்டின் ஜெனோவா நகரக் கணக்குகளிலேயே அந்த முறை இருக்கிறது. வெனிஸ் வணிகர்களின் கையில் புழங்கிக்கொண்டிருந்ததைத்தான், கணிதம் கற்பித்த அந்தத் துறவி 1494-ல் நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என்று வரிசைப்படுத்தி அச்சில் கொடுத்தார். கடையில் வேலைக்கு அமராதவரும் அதைப் படித்துக் கற்க முடிந்தது.

விரித்து எழுதிய தாளுக்கு என்ன பெயர்? ‘எஸ்.ஓ.பி.’ (ஸ்டாண்டர்ட் ஆபரேட்டிங் புரொசீஜர்) என்பதைச் செய்தித்தாள்கள் ‘வழிகாட்டு நெறிமுறை’ ஆக்கிவிட்டன. அரசாணைக்குச் சரி, அலுவலக மேசைக்கு அது நீதி போதனை போல ஒலிக்கிறது. ‘செய்முறைக் குறிப்பு’ போதும். அதை எழுத மூத்தவரைத் தனியே உட்கார வைத்தால் மறுபடியும் தொகைதான் வரும். அவர் வேலையைச் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும், இரண்டு பேரையும் சாராத மூன்றாமவர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். அவர் எந்த வரியில் நின்றாரோ அங்கே ஒன்று சொல்லாமல் விடுபட்டிருக்கிறது.

அப்படியும் சில இடங்களில் மூத்தவர் “பார்த்தால் தெரியும்” என்பதற்கு மேல் நகர மாட்டார். அவற்றைத் தாளின் அடியில் ‘அனாமத்து’ என்று தலைப்பிட்டுத் தனியே எழுதி வைக்கச் சொல்வேன். சேராத வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்து, பிழை அகப்பட அகப்படத் தீர்ப்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பழகிய வேலைதான். அடுத்த முறை அதே உறுத்தல் வரும்போது எந்த எண்ணைப் பார்த்து வந்தது என்று அங்கேயே கேட்டுக் குறிப்பில் சேர்த்துவிட்டு, அனாமத்திலிருந்து ஒரு வரியை அடித்துவிடலாம். அந்தப் பகுதி காலியாகும் வரை அந்த வேலையை ஒப்படைக்கும்போது மூத்தவரும் ஒரு முறை கூட உட்கார வேண்டியிருக்கும்.