காப்பீட்டுப் பணத்தை வங்கி நிறுத்தி வைத்தால்

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு பெண்மணி, பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவர் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. நாமினி என்ற முறையில் அவர் பெயருக்கு வந்த ஆயுள் காப்பீட்டுக் காசோலையைத் தம் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தார், பணமும் வரவாகியிருந்தது. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுக்கப் போனபோது, கணவர் அதே கிளையில் வாங்கிய தனிநபர்க் கடன் நிலுவையில் இருப்பதால் முழுத் தொகைக்கும் ‘லியன்’ (கடனுக்காகப் பணத்தை எடுக்க விடாமல் பிடித்து வைப்பது) போட்டிருப்பதாகச் சொல்லி, தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘என் கணக்கிலுள்ள தொகையிலிருந்து மேற்படி கடனை நேர் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மிச்சத்தை அன்றே எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். நல்லவேளையாக, அவர் போடவில்லை.

கடன் பத்திரத்தில் நீங்கள் எங்கேனும் கையெழுத்திட்டீர்களா என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. ‘ஏதோ ஓர் இடத்தில் போட்டேன் ஐயா’ என்றார். பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தபோது, அவர் கையெழுத்து இருந்தது சாட்சிக்கான இடத்தில். கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ அவர் பெயர் எங்கும் இல்லை.

விஷயம் முழுவதும் அந்த ஓரிடத்தில்தான் நின்றது. வாடிக்கையாளரின் பணத்தை அவருடைய கடனுக்குப் பிடித்து வைக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவை இதற்குக் காட்டுவார்கள். ஆனால் கடன்பட்டவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். கணவரின் கடனுக்கு மனைவியின் கணக்கை, மனைவி என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்க இயலாது. மேலும், காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டபின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்கள் அந்தப் பணத்தைப் பயன்பெறும் உரிமையோடு, அதாவது தங்களுக்கே உரியதாக, பெறுகிறார்கள். பாலிசியையே கடனுக்காக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ, நாமினி ஜாமீன் போட்டிருந்தாலோ நிலைமை வேறு. அப்போது வங்கியின் பக்கமும் நியாயம் இருக்கும்.

கிளை மேலாளருக்கு நான்கே வரியில் ஒரு கடிதம் எழுதினோம். எந்த ஒப்பந்தத்தின்கீழ், எந்தத் தேதியிலிருந்து இந்தத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டு, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். இந்த முத்திரையை வலியுறுத்திச் சொல்கிறேன். வாய்வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் நடையாய் நடந்தவர்கள் கையில் கடைசியில் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இவர் விஷயத்தில் அதற்குத் தேவை எழவில்லை. பதினோராம் நாள் லியன் நீக்கப்பட்டிருந்தது.

எல்லா நிறுத்திவைப்பும் கடனால் வருவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும், கே.ஒய்.சி. ஆவணம் (அடையாளம், முகவரிக்கான சான்று) கொடுத்து உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கி முடித்துத் தர வேண்டும். முறையான அடையாள ஆவணம் இல்லாமல் தொடங்கப்பட்ட ‘சிறு கணக்கு’களில் இன்னொரு சிக்கல் உண்டு: அதில் எந்நேரமும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. ஆண்டுக்கு 436 ரூபாய் பிரீமியம் கட்டியவரின் குடும்பத்துக்குப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் வரும்போது, நாமினியின் கணக்கு இந்த வகையாக இருந்தால் பணம் தடைபடும். ஆகவே கோரிக்கைப் படிவம் கொடுக்கும் முன்பே ஆதார் முதலியவற்றைக் கொடுத்து அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும்.

நம் ஊரில் மிகுதியாகக் காண்பது இனிஷியல் தகராறு. பாலிசியில் தந்தையின் இனிஷியலும், திருமணத்துக்குப்பின் தொடங்கிய வங்கிக் கணக்கில் கணவரின் இனிஷியலும் இருக்கும், காசோலை திரும்பிவிடும். காசோலை அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், திரும்பிய அன்றே வங்கி தரும் காரணச் சீட்டை இணைத்து, பெயரைத் திருத்தித் தரும்படியோ கணக்குக்கு நேரடியாக அனுப்பும்படியோ காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.