சதுர அறைக்கு வட்டக் கூரை: கெய்ரோவில் சுல்தான் காயித்பாயின் அடக்கப் பள்ளிவாசல்

எகிப்தின் ஒரு பவுண்ட் நோட்டில் அச்சாகியிருக்கும் பள்ளிவாசல், கெய்ரோவின் கிழக்கு ஓரத்தில் வடக்கு மயானத்துக்குள் நிற்கிறது. மம்லூக் சுல்தான் காயித்பாய் தன் கபுருக்காக, அதாவது தன்னை அடக்கம் செய்யும் இடத்துக்காக, 1472 முதல் 1474 வரை கட்டியது. கெய்ரோவில் இதைவிடப் பிரம்மாண்டமான அரச அடக்கத்தலங்கள் உண்டு. நகரக் கோட்டையின் அடிவாரத்தில் 1356இல் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசலோடு ஒப்பிட்டால் இது சின்னக் கட்டடம்தான். ஆனால் கல்லில் குவிமாடம் எழுப்புவதில் மம்லூக் கல்தச்சர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எந்தெந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள், கடைசியில் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

மம்லூக்குகள் சிறுவயதிலேயே விலைக்கு வாங்கப்பட்டு, படைவீரர்களாக வளர்க்கப்பட்டு, பிறகு விடுதலை செய்யப்பட்டவர்கள். 1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் அவர்கள்தான் ஆண்டார்கள். காயித்பாயும் அப்படி வந்து சேர்ந்த சர்க்காசியர், காக்கசஸ் மலைப்பகுதிக்காரர். 1468இல் அரியணை ஏறி 1496இல் இறக்கும்வரை ஆண்டார். அலெக்சாண்ட்ரியாவில் பழைய கலங்கரை விளக்கம் இருந்த இடத்தில் நிற்கும் கடற்கரைக் கோட்டையும் அவர் கட்டியதே. இந்த ஆட்சியில் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் என்று நம்ப முடியாது. இன்று அமீராக (படைத்தளபதியாக) இருப்பவரின் சொத்து நாளை பறிமுதலாகலாம். அதனால் நிலத்தையும் கடைகளையும் வக்ஃபாக, அதாவது மார்க்க அறக்கொடையாக எழுதிவைத்து, அந்த வருமானத்தில் ஒரு பள்ளிவாசலை நடத்தி, நிர்வாகப் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பக்தியும் இருந்தது, கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கு கட்டட அமைப்பிலேயே தெரியும். இறந்தவரின் கபுர் மட்டும் தனியாக இருந்தால் அதற்கு யாரும் வர மாட்டார்கள். ஊருக்கு உபயோகமான ஏதாவது அதோடு ஒட்டியிருக்க வேண்டும். காயித்பாய் பள்ளிவாசலின் உயர்ந்த வாசலுக்கு இடப்பக்கம் தாகத்துக்குத் தண்ணீர் வழங்கும் சபீல். அதற்கு மேல்தளத்தில் காற்றோட்டமான வளைவுகளுக்குள் சிறுவர்கள் குர்ஆன் ஓதப் பழகிய பள்ளிக்கூடம். வலப்பக்கம் மினார். உள்ளே மார்க்கக் கல்வி தரும் மதரஸா. வளாகத்தில் வாடகைக் குடியிருப்பு, விருந்தினர் மண்டபம், கால்நடைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி. அடக்க அறையின் ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறக்கின்றன. தெருவில் போகிறவர் ஒரு நிமிடம் நின்று, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டுப் போகலாம். உள்ளே சம்பளத்துக்கு ஓதுபவர்களின் குரல் அவருக்கும் கேட்கும். கபுர் இருக்கும் இடம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதால் குவிமாடம் உயரமாக வேண்டும். பார்வைக்காக உயர்த்தியதுதான் பொறியியல் சிக்கல்களையும் கொண்டுவந்தது.

முதல் சிக்கல் வடிவக் கணிதம். அறை சதுரம், குவிமாடம் வட்டம். 9 மீட்டர் பக்கமுள்ள சதுர அறை என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் ஆரம் 4.5 மீட்டர். நடுப்புள்ளியிலிருந்து மூலைக்கோ 6.36 மீட்டர். ஆக ஒவ்வொரு மூலையிலும் வட்டத்தின் விளிம்பு சுவரைத் தொடாமல் 1.86 மீட்டர் அந்தரத்தில் நிற்கும். நான்கு மூலைகளும் சேர்ந்து சுமார் 17 சதுர மீட்டர், ஆதாரமே இல்லாத வெற்றிடம். அதன் மேல் குவிமாடத்தின் எடையில் ஒரு பங்கு உட்கார வேண்டும்.

பழைய வழி, மூலைக்குக் குறுக்கே ஒரு வளைவு கட்டிச் சதுரத்தை எண்கோணமாக்குவது. காயித்பாய் காலத்தில் கல்தச்சர்கள் அதைத் தாண்டி முகர்னாஸ் என்ற தேன்கூட்டு வேலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். மூலையில் கீழே ஒரே ஒரு குழிந்த கல். அதற்கு மேல் வரியில் இரண்டு மூன்று கற்கள், கொஞ்சம் முன்தள்ளி. அதற்கு மேல் இன்னும் கூடுதலாக, இன்னும் முன்தள்ளி. வரி ஏற ஏற மூலை மழுங்கி வட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு வெறும் அலங்காரமாகத் தெரியும். உண்மையில் சுமை இறங்கி வரும் படிக்கட்டு அது. இந்த வேலையில் ஒரு விதி தவறக் கூடாது: கல்லின் முகம் எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ அதைவிட அதிகமாக அதன் வால் சுவருக்குள் புதைந்திருக்க வேண்டும். மேல்வரி ஏறி அந்த வாலை அழுத்தும்வரை கல் தானாக நிற்காது, முட்டுக் கொடுத்தே தீர வேண்டும். அவசரப்பட்டு முட்டை எடுத்தால் கல் முன்பக்கம் கவிழும், இல்லாவிட்டால் இணைப்பு மேல்பக்கம் வாய் பிளக்கும்.

வெளிப்பக்கம் இதே மூலையைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். சதுரத்தின் மூலைகள் குழிவும் புடைப்புமாக அலைபோல் படிப்படியாகப் பின்வாங்கி, மேலே உருளை வடிவக் கழுத்தோடு சேரும். உள்ளே மூலை முன்னேறுகிறது, வெளியே பின்வாங்குகிறது. மூலையில் தேவையில்லாத கனத்தைக் கழித்துவிட்ட இடம் அது.

அடுத்தது குவிமாடத்தின் உடல். சீரான கனமுள்ள அரைக்கோளக் கூட்டை எடுத்துக்கொண்டால், உச்சியை ஒட்டிய பகுதி எல்லாத் திசையிலும் அமுங்கியிருக்கும். கல்லுக்கு அமுக்கம் பிரச்சினையே இல்லை. உச்சியிலிருந்து சுமார் 52 டிகிரி கீழே வந்தால் நிலைமை மாறுகிறது. அதாவது குவிமாட உயரத்தின் கீழ் 62 சதவீதத்தில், ஒவ்வொரு வளையமும் வெளியே விரியப் பார்க்கும். அங்கே இழுவிசை. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இழுவிசையைத் தாங்காது. எனவே விரிசல் விட்டால் அது அடியில் தொடங்கிச் செங்குத்தாக மேலே ஏறும். அடிவரிசை ஜன்னல்கள் அந்த விரிசலுக்குத் தோதான இடம். ஜன்னல் மூலையில் முதல் கீறல் விழுவது வழக்கம்.

மம்லூக் குவிமாடம் அரைக்கோளம் அல்ல, நுனி கூரானது. கூர்ந்த வடிவத்தில் சுமை செங்குத்துக்கு நெருக்கமாக இறங்குவதால் பக்கவாட்டு உந்தல் குறைகிறது. பக்கவாட்டு உந்தல் கொஞ்சமாவது மிஞ்சும். அதை அறையின் தடித்த சுவர்களும் கழுத்துப் பகுதியின் எடையும் வாங்கிக்கொள்கின்றன. கழுத்தை உயர்த்தியது அழகுக்கு என்றாலும், அந்தக் கனம் உந்தலின் பாதையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. குவிமாடத்தில் இன்னொரு சௌகரியம், ஒரு வளையம் முழுதாக மூடிவிட்டால் அது தானே நிற்கும். முழு வளைவுக்கும் கீழே மரச்சாரம் அடிக்கத் தேவையில்லை. மரத்துக்குப் பஞ்சமான எகிப்தில் இது பெரிய மிச்சம்.

ஆரம்பத்தில் கெய்ரோவின் குவிமாடங்கள் செங்கல்லில் கட்டி, மேலே சுதை பூசியவை. செங்கல் இலேசு, வளைப்பது சுலபம். ஆனால் பூச்சு உதிரும். பதினான்காம் நூற்றாண்டில் கல்லுக்கு மாறத் தொடங்கினார்கள். முதலில் செங்கல் காலத்து வரிவரியான விலா வேலைப்பாட்டையே கல்லில் வெட்டினார்கள். இதே மயானத்தில் சுல்தான் ஃபரஜ் 1400 முதல் 1411 வரை கட்டிய கான்கா என்ற சூஃபி மடத்தில், தகப்பன் பர்கூக்குக்கு ஒன்றும் குடும்பப் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு கல் குவிமாடங்கள் உள்ளன. 14 மீட்டருக்கு மேற்பட்ட விட்டம். கெய்ரோவின் மம்லூக் கல் குவிமாடங்களில் இவையே மிகப் பெரியவை. மேலே மடிப்பு மடிப்பாக ஏறும் நெளிகோட்டு வேலை. கட்டுகிறவரின் கண்ணுக்கு இது புத்திசாலித்தனமான தேர்வு. ஒரு வரியில் எல்லாக் கல்லும் ஒரே அளவு, ஒரே செதுக்கல். அடுத்த வரிக்கு அகலத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும். நெளிகோடு ஒடுங்கினாலும் நெளிகோடாகவே இருக்கும்.

நட்சத்திரக் கோலம் அப்படி அடங்காது. தட்டையான சுவரில் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் அடுக்கலாம். குவிமாடத்தில் இடம் மேலே போகப் போகச் சுருங்குகிறது. பந்தில் செய்தித்தாளைச் சுற்றினால் மேலே சுருக்கம் விழுமே, அதே கதை. மறுபடியும் 9 மீட்டர் விட்டத்தை எடுத்துக்கொண்டு, வசதிக்காக அரைக்கோளமாகக் கணக்கிடலாம். சுற்றளவு சுமார் 28.3 மீட்டர். அதைப் 16 பங்காகப் பிரித்தால் அடியில் ஒரு பங்கின் அகலம் 1.77 மீட்டர். வளைவில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் அது 88 சென்டிமீட்டராகச் சரிபாதியாகிவிடும். உச்சிக்கு 10 டிகிரி கீழே 31 சென்டிமீட்டர்தான். அடியில் அழகாகப் பொருந்திய நட்சத்திரத்தை அப்படியே மேலே கொண்டுபோனால் அது இடுப்பு இறுகி, கோணல் வைரமாகிவிடும்.

1432இல் கட்டிய சுல்தான் பர்ஸ்பாயின் அடக்கத்தலத்தில் நட்சத்திரக் கோலத்தை முதன்முதலாகக் குவிமாடத்துக்கு ஏற்றினார்கள். கீழே நன்றாகத் தொடங்கும் அந்தக் கோலம் உச்சியை நெருங்கும்போது தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைக் குறையென்று சொல்ல மனம் வரவில்லை. முதல் முயற்சியில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

காயித்பாயின் கல்தச்சர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். கோலத்தை அடியிலிருந்து ஏற்றாமல் உச்சியிலிருந்து இறக்கினார்கள். உச்சிப்புள்ளியை நடுவாக வைத்து 16 முனை நட்சத்திரம். ஒவ்வொரு முனைக்கும் 22.5 டிகிரி. குவிமாடத்தின் மேல்பகுதி முழுவதையும் அந்த ஒரே நட்சத்திரம் போர்த்திக்கொள்கிறது. கோடுகள் சந்திக்கும் உச்சி, நட்சத்திரத்தின் மையமாகவே அமைந்துவிட்டதால் சுருக்கம் குற்றமாகத் தெரியவே இல்லை. கீழே இறங்க இறங்க இடம் அகலும். அகலும் இடத்தில் கோடுகள் பிரிந்து புதிய வடிவங்களைப் பிடித்துக்கொள்கின்றன.

இது மட்டும் இருந்தால் ஒரு கெட்டிக்கார வரைபடம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதே பரப்பில் இன்னொரு கோலமும் ஓடுகிறது: வளைந்து செல்லும் கொடியும் இலையும். நேர்கோட்டு நட்சத்திரம், வளையும் கொடி ஆகிய இரண்டில் ஒன்றை மழமழவென்று விட்டு, இன்னொன்றில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். பள்ளம் வெட்டியது வெயிலில் இருண்டும், மழமழப்பானது வெளிச்சமாகவும் தெரியும். காலையில் முந்திக்கொண்டு தெரிவது ஒன்று, மதியத்தில் இன்னொன்று. சாயமோ கலர்க் கல்லோ இல்லாமல், செதுக்கலை மட்டும் வைத்து இரண்டு கோலத்தைப் பிரித்துக் காட்டியது கெய்ரோவிலேயே இங்குதான் உச்சம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட கல்லைத் தரையில் செதுக்கி ஏற்றுவதா, ஏற்றிய பிறகு செதுக்குவதா? தரையில் செதுக்கினால் உளிக்கு வசதி, வேலை வேகம். ஆனால் இணைப்பில் விரற்கடை பிசகினாலும் கோடு உடைந்து தெரியும். மேலே செதுக்கினால் கோடு உடையாது. ஆனால் உளி வழுக்கி ஒரு முனை போனால் அந்தக் கல்லை மாற்ற வழியில்லை, கூட்டை அதிர வைக்கவும் கூடாது. எப்படிச் செய்தாலும் செதுக்கலின் ஆழத்தைச் சுமை தாங்கும் கனத்தில் சேர்க்க முடியாது. அதைக் கழித்துத்தான் கூட்டின் தடிமனை முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே மதரஸாவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நடுவில் மரக்கூரை போட்ட முற்றம், அதன் இரு பக்கம் பெரிய திறந்த மண்டபங்கள், மற்ற இரு பக்கம் சிறியவை. கிப்லாப் பக்க (மக்காவை நோக்கிய) மண்டபத்தில், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் அடக்கமானது. தந்தம் பதித்த மர மிம்பர், அதாவது பிரசங்க மேடைதான் கண்ணை இழுக்கும். வெளியே மினார் கிட்டத்தட்ட 40 மீட்டர். அடி சதுரம், மேலே எண்கோணம், அதற்கு மேல் நட்சத்திரம் செதுக்கிய உருளை, கடைசியில் தூண்களின் மேல் குமிழ். மேலே போகப் போக மெலிவதால் ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தின் நடுவில் உட்காருகிறது.

இன்றைக்குக் கெய்ரோவின் பழைய கட்டடங்களைத் தின்பது மேலிருந்து வரும் சுமையைவிட, கீழிருந்து ஏறும் ஈரம். அங்குள்ள சுண்ணாம்புக்கல் நுண்துளை நிறைந்தது. நிலத்தடி நீரும் கசியும் கழிவுநீரும் உப்போடு சேர்ந்து கல்லுக்குள் ஏறுகின்றன. முகப்பில் நீர் ஆவியாகும். உப்பு துளைக்குள்ளேயே படிகமாகி, பருத்து, கல்லின் தோலை உரிக்கும். அரிப்பை மறைக்க சிமென்ட் பூசுவது இருப்பதிலேயே மோசமான வைத்தியம். சிமென்ட் மூச்சடைத்துவிட, ஈரம் வேறு வழி தேடி இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் புதிதாக அரிக்கத் தொடங்கும்.

1992 அக்டோபர் 12 நிலநடுக்கத்தில் கெய்ரோவின் பழைய கட்டடங்கள் பல விரிசல் விட்டன. விரிசலைக் கண்டதும் அடைப்பது சரியல்ல. முதலில் அதன் குறுக்கே மெல்லிய ஜிப்சம் பட்டை வைத்துத் தேதி எழுதிவிட வேண்டும். பட்டை உடைந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் மேலே கைவைப்பது வீண். ஒரு வருஷ வெயிலும் குளிரும் கடந்தும் உடையாமல் இருந்தால் பழைய விரிசல், அடைக்கலாம். உப்பேறிய கல்லில் காகிதக்கூழையும் களிமண்ணையும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து அப்பிக் காயவிடுவார்கள். காயும்போது கூழ் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உரித்தெடுத்து உப்பின் அளவைச் சோதித்து, குறையும்வரை திரும்ப அப்ப வேண்டும். அதன் பிறகுதான் சுண்ணாம்புச் சாந்து. அது கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை உப்பு சாந்தைத் தின்னும், கல்லை விட்டுவிடும். மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். கெய்ரோ வெயிலில் ஒரே நாளில் காயவிட்டால் சாந்து கெட்டிப்படாமல் மாவாக உதிரும்.