குட்டி 14,000 ரூபாய், பூனை எவ்வளவு?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, திருமணமாகி ஓராண்டுகூட நிறையாத இளம் தம்பதியர் என் கிளினிக்குக்கு ஒரு செருப்புப் பெட்டியுடன் வந்தார்கள். பெட்டிக்குள் துண்டில் சுற்றிய சாம்பல் நிறப் பெர்சியன் பூனைக் குட்டி ஒன்று தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. ஐந்து நாள்களுக்கு முன் 22,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார்கள். பத்து வாரக் குட்டி, முதல் தடுப்பூசி போட்டாயிற்று என்று விற்றவர் சொல்லியிருந்தார். நான் அதன் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பால்பற்கள் ஈற்றிலிருந்து அரைகுறையாகத்தான் எட்டிப் பார்த்தன. கண்களில் இளங்குட்டிகளுக்கே உரிய நீலம் இன்னும் மாறவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் அதற்கு வயதிருக்க வழியில்லை. தடுப்பூசி அட்டையில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியும் கையெழுத்துபோல ஒரு கிறுக்கலும் இருந்தன. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைக் காணவில்லை. அட்டையை நம்பினால், அந்த ஊசி போடப்பட்ட நாளில் குட்டி கண் திறந்தே ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

பரிசோதனைக் கிட்டில் இரண்டு கோடுகள் விழுந்தன. பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா என்னும் வைரஸ் நோய் அது. குடலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேரத் தாக்கி, ரத்த வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். நான்காம் நாள் விடியற்காலையில் குட்டி இறந்துவிட்டது. சிகிச்சைக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் ஆகியிருந்தது. உடலை வாங்கிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் என்னிடம் ஒன்று கேட்டார்: “டாக்டர், அதே ஆள் இன்னொரு குட்டியைப் பாதி விலைக்குத் தர்றேங்கறார். வாங்கலாமா?”

இந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் தட்டிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்புடன் இருக்கக்கூடியது, பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் கட்டுப்படும், ஆகவே தடுப்பூசி முழுமையாகப் போடாத எந்தக் குட்டியையும் அந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று விளக்கினேன். ஆனால் அந்தக் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. குட்டியின் விலையைத்தான் எல்லோரும் பூனையின் விலை என்று நினைக்கிறார்கள். பதினேழு ஆண்டுகளாக மேசையின் இந்தப் பக்கம் நின்று பார்த்துவருகிறவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு பெர்சியன் பூனைக்காகச் செலவழிக்கும் பணத்தில் வாங்கும்போது கொடுப்பதே மிகச் சிறிய தொகை. அதிலும் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ‘அழகு’தான் பல நேரங்களில் பிற்பாடு மருத்துவச் செலவாகத் திரும்பி வருகிறது.

பூனை வியாபாரத்தில் ஒரு தனி மொழி உண்டு. மூக்கு ஓரளவு வெளியே தெரிந்தால் ‘டால் ஃபேஸ்’, சற்று அமுங்கியிருந்தால் ‘செமி பன்ச்’, முகம் முழுக்கச் சப்பையாக இருந்தால் ‘பன்ச் ஃபேஸ்’. என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் விலைகளை வைத்துப் பார்த்தால், டால் ஃபேஸ் 8,000 முதல் 15,000 ரூபாய் வரை, செமி பன்ச் 25,000 வரை, பன்ச் ஃபேஸ் என்றால் 30,000 ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு ‘ட்ரிப்பிள் கோட்’ என்று சொல்லி இன்னும் ஐயாயிரம் ஏற்றுவார்கள். பெர்சியனின் ரோமத்தில் இருப்பவை இரண்டே அடுக்குகள்: வெளியே நீண்ட முடி, உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி. மூன்றாவது அடுக்கு விற்பவரின் வாயில் மட்டுமே இருக்கிறது.

மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறுவது ஏன் என்று யோசித்தால், நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியும். முகம் சப்பையாவது என்பது மண்டையோட்டின் முன்பகுதி குறுகுவது. எலும்பு குறுகினாலும் அதற்குள் இருக்க வேண்டியவை குறைவதில்லை. நாசித் துவாரங்கள் கீறல் அளவுக்கு ஒடுங்குகின்றன. கண்ணீரை மூக்குக்குள் வடிய வைக்கும் நாளம் வளைந்து அடைபடுவதால் கண்ணீர் முகத்தில் வழிந்து, பழுப்புக் கறையாகப் படிந்து, தோலைப் புண்ணாக்குகிறது. பற்கள் இடமின்றி நெருக்கியடித்து முளைக்கின்றன. இப்படிப்பட்ட பூனைக்குத் தினமும் கண்ணைத் துடைத்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதிலும் ஆபத்து அதிகம் என்பதால் சாதாரணக் கருத்தடை அறுவைக்கே கூடுதல் கவனமும், அதற்கேற்பக் கூடுதல் கட்டணமும் ஆகும். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய அந்தச் சப்பை மூக்குக்கு, வாழ்நாள் முழுவதும் தவணை கட்டுவதுபோல என்னிடமும் கட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது நம் ஊர்களிலும் விற்பனைக்கு வரத் தொடங்கியுள்ள ஸ்காட்டிஷ் ஃபோல்ட் என்னும் பூனை இனத்தின் கதை இதைவிட மோசம். அதன் மடிந்த காது தனியொரு அழகு அன்று. உடலெங்கும் குருத்தெலும்பைப் பாதிக்கும் மரபணுக் குறைபாட்டின் வெளி அடையாளம். கணுக்காலிலும் வாலிலும் எலும்புகள் பிணைந்து வலிக்கத் தொடங்கினால் அதற்குத் தீர்வு கிடையாது, வலிநிவாரணி மட்டுமே உண்டு. நெதர்லாந்து போன்ற நாடுகளில் இந்த இனத்தைப் பெருக்கத் தடையே இருக்கிறது. யாரேனும் என்னைக் கேட்டால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவேன்.

மாதாந்தரச் செலவுக்கு வருவோம். என்னிடம் வரும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர், தம் டால் ஃபேஸ் பூனையை 14,000 ரூபாய்க்கு வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் வரவு செலவு எழுதிவருகிறார். (வரவு என்ற பத்தி எப்போதும் காலியாகவே இருக்கும் என்று அவரே சிரித்தபடி சொன்னார்.) அவருடைய அனுமதியோடு முதலாண்டுக் கணக்கை இங்கே தருகிறேன். உலர் உணவும் ஈர உணவுப் பவுச்களும் மாதம் 1,800 ரூபாய், பூனை மலஜலம் கழிப்பதற்கான ‘லிட்டர்’ மண் பத்துக் கிலோ 700 ரூபாய், ஆண்டுக்கு 30,000. முத்தடுப்பூசி மூன்று தவணை, வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் சேர்த்து 3,700. கருத்தடை அறுவை 5,500. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை க்ரூமிங் எனப்படும் ரோமப் பராமரிப்பு, ஒவ்வொரு முறையும் 1,500 வீதம் 9,000. பூனையைத் தூக்கிச் செல்லும் கேரியர், லிட்டர் தட்டு, இரண்டு வகைச் சீப்பு, பால்கனிக்கு வலை ஆகியவற்றுக்கு 6,800. வாங்கிய மூன்றாம் வாரத்தில் படர்தாமரை வந்ததால் அதற்கு இரண்டு மாத சிகிச்சை 5,200. அதற்குக் கீழே, சிவப்பு மையில்: ‘என் தோல் டாக்டருக்கு 850’. பூனையின் படர்தாமரை மனிதர்களுக்கும் தொற்றும். நீண்ட ரோமத்துக்குள் வெளியே தெரியாமல் பூஞ்சையைச் சுமந்து திரிவது பெர்சியன் பூனைகளில் அடிக்கடி காணப்படுவது.

ஆக, பூனையின் விலை நீங்கலாக முதலாண்டில் மட்டும் 61,050 ரூபாய். இதில் சென்னையின் மே மாதத்துக்கு ஓடிய ஏ.சி.யின் மின்கட்டணம் சேரவில்லை. அதை மகன் கட்டினாராம். இரண்டாம் ஆண்டிலிருந்து செலவு ஓரளவு குறைந்து ஆண்டுக்கு 40,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. வீட்டுக்குள் வளரும் பூனை பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். பதினான்கு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டு, பெரிய நோய் எதுவும் வராது என்றும் வைத்துக்கொண்டால், இன்றைய விலையிலேயே ஆறு லட்சத்தைத் தொடும். பணமாக எழுத முடியாத செலவு ஒன்றும் உண்டு: தினமும் கால் மணி நேரம் சீப்பு பிடிக்க வேண்டும். நான்கைந்து நாள் விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் முடி சிடுக்காகி, பிறகு கம்பளம்போல் இறுகி, தோலை இழுத்துப் புண்ணாக்கும். மயக்க மருந்து கொடுத்து முழுக்க மழிப்பதைத் தவிர வேறு வழி இராது.

உணவில் சிக்கனம் பிடிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பூனை முழுமையான ஊனுண்ணி. டாரின் என்னும் சத்தை அதன் உடலால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது; இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். தயிர்சாதத்தில் வளரும் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே இதயம் வீங்கித் தளர்ந்துகொண்டிருக்கும், விழித்திரை கெட்டுப் பார்வை மங்கியிருக்கும். வீட்டில் மீன் சமைக்க முடியாது என்றால் கடையில் கிடைக்கும் முழுமையான பூனை உணவை வாங்குங்கள். அதுவும் முடியாத வீட்டுக்குப் பூனை வேண்டாம்.

எந்தப் பட்டியலிலும் முன்கூட்டியே எழுத முடியாத செலவுகள்தான் குடும்பங்களை நிலைகுலைய வைக்கின்றன. முதலாவது, ஆண் பூனையின் சிறுநீர் அடைப்பு. லிட்டர் தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்துவிட்டு ஒரு சொட்டும் போகாமல் திரும்புவதைப் பார்த்தால், மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். குழாய் செருகி, சில நாள் உள்நோயாளியாக வைத்துப் பார்க்கத் தனியார் மருத்துவமனைகளில் 15,000 ரூபாய் வரை எளிதில் ஆகிறது. கையில் அவ்வளவு இல்லாதவர்களைச் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். கட்டணம் மிகக் குறைவு.

இரண்டாவது, பெர்சியன்களின் பரம்பரைச் சொத்தான சிறுநீரக நீர்க்கட்டி நோய். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு அது வந்து சேரும். மரபணுப் பரிசோதனை பரவலாவதற்கு முன்பு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெர்சியன்களுக்கு இது இருந்தது. பிறவியிலேயே மிகச் சிறியதாக இருக்கும் கட்டிகள் மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டிப் பூனை தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கி மெலியும்போதுதான் வெளியே தெரிகின்றன. அதன் பிறகு சிறப்பு உணவும், ரத்தப் பரிசோதனைகளும், தோலுக்கடியில் ஏற்றும் டிரிப்ஸுமாக மாதச் செலவு இரட்டிப்பாகும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒற்றி எடுத்தாலே பரிசோதித்துவிடலாம். ஆனாலும் குட்டி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில், தாய்ப் பூனையின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

உண்மையில் வம்சாவளிப் பூனைக்கு உயர்ந்த விலை கொடுப்பதற்கு நியாயம் இருக்குமானால் அது இந்தப் பரிசோதனைத் தாளிலும் வம்சாவளிச் சான்றிலும்தான் இருக்கிறது. வம்சாவளிச் சான்று என்பது சில தலைமுறை மூதாதையரின் பெயர்களும் பதிவு எண்களும் கொண்ட ஆவணம். பதிவு எண்ணைப் பூனைச் சங்கத்தில் சரிபார்க்க முடிய வேண்டும். ‘கே.சி.ஐ. பேப்பர் இருக்கிறது’ என்று பூனைக் குட்டியை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கே.சி.ஐ. என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா; அந்தச் சங்கம் நாய்களைத்தான் பதிவு செய்கிறது. சான்று இல்லாத பூனை பெர்சியனைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு பூனை, அவ்வளவே. அதை வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. அதற்கு வம்சாவளிப் பூனையின் விலை கொடுப்பதுதான் ஏமாற்றம்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத பூனைக் குட்டியை விற்கக் கூடாது. எட்டு என்பது சட்டத்தின் எண். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் பன்னிரண்டு வாரம் வரை இருந்த குட்டியே உடலாலும் குணத்தாலும் தேறும் என்பது என் அனுபவம். செல்பேசியில் படம் பார்த்து முன்பணம் அனுப்புவதை அறவே தவிருங்கள். முதலில் அட்வான்ஸ், பிறகு வண்டிக் கூலி, பிறகு கூண்டுக்கு டெபாசிட் என்று மூன்று முறை பணம் அனுப்பிவிட்டு, வராத பூனைக்குத் தடுப்பூசி எப்போது போடலாம் என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பேரம் பேசுவதற்கு முன் வளர்ப்பவரின் வீட்டுக்கே நேரில் போய், தாய்ப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். அது எந்த நிலையில் இருக்கிறது, எங்கே படுத்திருக்கிறது, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா, இதற்கு முன் எத்தனை முறை ஈன்றது என்று பாருங்கள், கேளுங்கள். ‘அது வேறு இடத்தில் இருக்கிறது, குட்டியை மட்டும் பாருங்கள்’ என்ற பதில் வந்தால், குட்டியைக் கையில் வாங்காமலேயே திரும்பிவிடுங்கள். கையில் வாங்கிவிட்டால் திரும்பி வருவது கடினம்.