பொத்தான், தெறி, காஜா

மொரீசியசில் தமிழ் படிக்கும் பிள்ளைகளிடம் சட்டைப் பொத்தானைக் காட்டினால், வீட்டில் பேசும், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில் 'புத்தோன்' என்பார்கள். தமிழில் 'பொத்தான்' என்று திருத்துவோம். உண்மையில் திருத்த எதுவுமில்லை, இரண்டும் ஒரே சொல். பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று போர்ச்சுகல் போய், போர்ச்சுகீசியரோடு கப்பலேறித் தமிழ்க் கரையில் 'பொத்தான்' ஆனது. 1715இல் இந்தத் தீவைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் அதையே நேராக இங்கே கொண்டுவந்தார்கள். ஆங்கிலப் 'பட்டன்' மூன்றாவது பங்காளி. பிரெஞ்சில் இச்சொல்லுக்கு மொட்டு என்றும் பொருள் உண்டு.

'வாயைப் பொத்து' என்பதில் உள்ள பொத்துதலிலிருந்து பொத்தான் வந்தது என்று சிலர் சொல்வார்கள். சட்டையை மூடுவதால் பொருள் அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் வரலாறு அது அல்ல.

தமிழ்ச் சொல் வேண்டுமானால் 'தெறி' இருக்கிறது. ஈழத்தில் வழங்கும் சொல். 'தெறி தெறித்துவிட்டது' என்று சொன்னால் கேட்பவர் ஒரு கணம் விழிப்பார், அவ்வளவுதான். பொத்தானை நாம் விரட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் 'டக்'கென்று அழுத்திப் பூட்டும் டிச் பட்டனுக்கு 'அழுத்துதெறி' என்றால் கச்சிதமாக இருக்கும். அது தளர்ந்தால் உடனே மாற்ற வேண்டாம். குழியுள்ள பாதியின் விளிம்பைக் குறட்டால் மெல்ல நெருக்கினால் பல நேரம் மறுபடி பிடிக்கும்.

தையற்காரர் சொல்லும் 'காஜா'வும் போர்ச்சுகீசியம்தான். அந்த மொழியில் 'காசா' என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு! தமிழில் பொத்தான் துளை என்றாலே போதும்.

பொத்தானைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்தால் காஜாவின் தடிப்புக்கு இடமிருக்காது, துணி சுருங்கும். பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாக நூலோட்டித் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவி, பொத்தானை மேலே இழுத்து, அடியில் தொங்கும் நூலைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றி முடிச்சிட்டால் சிறு காம்பு கிடைக்கும். கனத்த கோட்டுக்கு உட்புறம் ஒரு குட்டிப் பொத்தானையும் சேர்த்துத் தைத்தால் துணி கிழியாது. காஜா அகன்று பொத்தான் நழுவினால் ஒரு முனையில் இரண்டு தையல் போட்டுக் குறுக்கினால் சரியாகிவிடும்.