‘தொடாத, தொடாத’ என்று சொல்லிக்கொண்டே தொடுகிற கை

போன வாரம் ஒரு சாயங்காலம், காய்ச்சலுக்கு என்று ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வயது ஒன்று, பத்து மாதம். மேலூர்ப் பக்கம். அம்மாவும் அப்பத்தாவும் கூட. பரிசோதிக்கும்போது பார்த்தால், கெண்டைக்காலில் நீளமாக ஒரு தடிப்பு.

“இது என்ன?”

“விளக்கமாத்துக் குச்சி டாக்டர். அவன் தாத்தா போட்டது.” அப்பத்தா குரலில் ஒரு தயக்கமும் இல்லை. “கேஸ் அடுப்பத் திருகுறான். தொடாதன்னா நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே தொடுறான். புரியாமலா செய்றான்? எல்லாம் திமிரு.”

அம்மா மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: “அவனே ‘தொடாத, தொடாத’ன்னு விரலை ஆட்டிச் சொல்றான் டாக்டர். சொல்லிட்டு இன்னொரு கையால திருகுறான்.”

இந்த மாதம் மட்டும் இதே புகாரோடு வந்த நான்காவது குழந்தை இவன். அதனால்தான் எழுதுகிறேன்.

‘அவனுக்குத் தெரியும், வேணும்னே செய்றான்.’ இந்த வாக்கியத்தை மதுரையில் நான் கேட்காத நாள் கிடையாது. பாதி உண்மை. அவனுக்குத் தெரியும்தான். ஆனால் தெரிவது வேறு, கையை நிறுத்துவது வேறு. வார்த்தை முதலில் வந்துவிடுகிறது, பிரேக் பல வருடம் கழித்துத்தான் வருகிறது. அந்த பிரேக் இருப்பது நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில். அது முழுதாக முதிர 25 வயது பக்கம் ஆகும். ரிங் ரோட்டில் பைக்கை முறுக்குகிற காளைகளுக்கே இன்னும் முடியாத வேலையை, பால்பல் முளைக்கிற பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே பாருங்கள். எட்டு ஒன்பது மாதக் குழந்தை முன்னால் இரண்டு துண்டு விரித்து, இடது துண்டுக்கு அடியில் கிலுகிலுப்பையை ஒளித்து இரண்டு மூன்று முறை எடுக்க விடுங்கள். அப்புறம், அது பார்க்கப் பார்க்க வலது துண்டுக்கு அடியில் ஒளித்து, நாலைந்து விநாடி கழித்து எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கை பழையபடி இடது பக்கம்தான் போகும். குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் பியாஜே கவனித்துச் சொன்னது இது. அடேல் டயமண்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதையே மாதா மாதம் அளந்தார். ஒளித்ததிலிருந்து எடுக்கவிடும் வரை குழந்தை தவறாமல் தாங்குகிற நேரம் ஏழரை மாதத்தில் 2 விநாடிகூட இல்லை. ஒரு வயதில் ஏறக்குறைய 10 விநாடி. ஆக, மாதத்துக்கு 2 விநாடி என்கிற வேகத்தில் வளர்கிற சாமான் இது. விளக்கமாற்றுக் குச்சியால் அந்த வேகம் கூடாது.

இன்னொன்று, மூன்று வயதில். சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்துப் படச்சீட்டுகளைப் பிரிக்கச் சொன்னால் அழகாகப் பிரிக்கும். ‘இனி நிறம் வேண்டாம், கார் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம்’ என்று விதியை மாற்றுங்கள். ‘கார் எங்கே போகணும்?’ என்று கேட்டால் சரியாகக் காட்டும். சீட்டைக் கையில் கொடுத்தால் மறுபடி நிறம் பார்த்துத்தான் போடும்! வாய்க்கு விதி தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. இதைத் திமிர் என்பீர்களா?

அந்தச் சிரிப்புக்கும் ஒரு வார்த்தை. புதிதாக ஒன்றைத் தொடப்போகும் பிள்ளை பெரியவர் முகத்தைப் பார்ப்பது நல்ல அறிகுறி. உங்களிடம் விசாரிக்கிறது. முகத்தையே பார்க்காத குழந்தையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

பிளே ஸ்கூல்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டே கால் வயதுப் பிள்ளையை, ‘ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த வயதில் உட்கார்ந்தே இருந்தால்தான் காட்ட வேண்டும். துறுதுறுப்பு நோய் என்ற பெயரை 4 வயதுக்கு முன்னால் வைக்க நாங்களே தயங்குகிறோம்.

சரி, என்ன செய்வது? முதல் வேலை அடுப்புக்கு. சமைத்து முடித்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். குழம்புச் சட்டியைத் தரையில் வைக்காதீர்கள். ரசம் கொட்டி வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளைக்கு பிரேக் வரும் வரை நீங்கள்தான் பிரேக். ‘தொடாத’ என்று பத்து முறை கத்துவதைவிட, எழுந்து போய்த் தூக்கி, கையில் ஒரு கரண்டியும் தட்டும் கொடுங்கள். சத்தம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள், ஆயிரக்கணக்கில் விலை போட்ட ‘மூளை வளர்ச்சி’ அட்டைப்பெட்டியைக் காட்டி. அம்மாச்சி கையில் இல்லாததா அதில் இருக்கிறது? உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி, நண்டூறுது நரியூறுது என்று மேலே போகும்போது பிள்ளையைப் பாருங்கள். அக்குள் வரப்போகிறது என்று தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நினைவில் வைப்பது, எதிர்பார்ப்பது, அடக்கிக்கொள்வது மூன்றும் அதில் இருக்கிறது. காசு கிடையாது. கண்ணாமூச்சியும் அப்படித்தான்.

ஏமாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். ‘கடைக்குப் போயிட்டு இந்தா வந்துடறேன்’ என்று சொல்லி, கொல்லைப்புறமாக வேலைக்குப் போய் ராத்திரி வருகிற அப்பாக்கள் இதைப் படிக்கவும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, இன்னொன்று தருவதாகச் சொன்னதை நம்பி, முன்னால் இருக்கும் மிட்டாயைத் தின்னாமல் 15 நிமிடம் காத்திருந்த பிள்ளை பெரிய ஆளாகும் என்று? 2018-ல் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு நிலைமையையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது 2013-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதே மிட்டாயை வைத்துச் செய்தது. சொன்னபடி செய்த பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. முன்பே ஏமாற்றியவரிடம் 3 நிமிடம்தான். நம்ப முடியாத ஆளுக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இதோடு, தயவுசெய்து, ‘சேட்டை பண்ணா டாக்டர் ஊசி போட்ருவாரு’ என்பதை நிறுத்துங்கள். பிள்ளை வாசலிலேயே அலற ஆரம்பித்தால் நெஞ்சுச் சத்தத்தை நான் எப்படிக் கேட்பது?

செல்போனைப் பற்றி இதற்கு முன்பே நிறையத் திட்டிவிட்டேன். 2 வயது வரை வேண்டாம், அவ்வளவுதான். தூக்கம்: ஒன்று இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். ஊர் தூங்கா நகரமாக இருக்கட்டும், பிள்ளைக்கு அந்தப் பெருமை வேண்டாம். எந்நேரமும் சிணுங்கி, மண்ணையும் சுண்ணாம்பையும் தின்றால் ரத்தம் பாருங்கள். தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத உடம்பில் கவனம் எங்கிருந்து நிற்கும்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை ‘சொல் பேச்சு கேக்காது’ என்று அடித்தவர்களும் உண்டு. காது கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை, பேசியது நின்றுபோனது என்றால், ‘அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே வாருங்கள்.

மேலூர்ப் பையன் மூன்றாம் நாள் மறுபடி வந்தான். காய்ச்சல் இல்லை. தாத்தாவும் வந்திருந்தார், ஆனால் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

“சிலிண்டரை மூடிர்றோம் டாக்டர்,” என்றார் அப்பத்தா. “இப்ப மிக்ஸி சுவிட்சுக்குப் போயிட்டான்.”

“பிளக்கைப் பிடுங்கி வைங்க,” என்றேன்.