உச்சினான்ச்சு: சொல்லும் பொருளும்

உச்சினான்ச்சு என்றால் ஒக்கினாவாக்காரர், அதாவது ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவுகளின் ஆள். நேர்ப்பொருள் அவ்வளவுதான். ஆனால் ஹவாயில் தன்னை இப்படி அழைத்துக்கொள்ளும் ஒருவரிடம் 'அப்படியென்றால் நீங்கள் ஜப்பானியர்தானே?' என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்பார், கூடவே ஓர் 'ஆனால்' வரும். அந்த 'ஆனால்' எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சொல்லின் கதை இருக்கிறது.

முதலில் சொல்லைப் பிரித்துவிடுவோம். உச்சினா + நு + ச்சு. 'நு' என்பது நம் 'உடைய'. 'ச்சு' என்றால் ஆள். ஜப்பானியில் 'ஹித்தோ' என்பதன் உடன்பிறப்பு. கடலுக்குப் போகிறவர் 'உமின்ச்சு', தீவுக்காரர் 'ஷிமான்ச்சு'. சரி, 'உச்சினா' எது? ஒக்கினாவாவேதான். ஒக்கினாவா மொழியில் ஒகரம் உகரமாகும், 'கி' 'ச்சி' ஆகும், 'நவா' சுருங்கி 'நா' ஆகும். ககரம் சகரமாவது நமக்குப் புதிதல்ல: கன்னடத்துக் 'கிவி' தமிழில் 'செவி'. ஒக்கினாவா என்று எழுதும் சீன எழுத்துகளுக்குக் 'கரைக்கு அப்பாலுள்ள கடல்', 'கயிறு' என்று பொருள். அதை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் உண்டு. ஒலிக்காகப் பொறுக்கி வைத்த எழுத்துகள் அவை, நம்ப வேண்டாம்.

ஒக்கினாவா முன்பு ரியூக்கியூ என்ற தனி அரசு. 1879இல் ஜப்பான் அதைத் தன் மாவட்டங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஊர்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை ஒன்றை மாட்டினார்கள். அடுத்து யாராவது வாய் தவறிப் பேசும்வரை அது அந்தக் கழுத்திலேயே தொங்கும். ஹவாய்க்கு ஒப்பந்தக் கூலிகளாக ஜப்பானியர் பெருங்கூட்டமாகப் போகத் தொடங்கியது 1885இல். ஒக்கினாவாவின் கின் ஊர்க்காரரான தோயாமா கியூசோ முயன்று அனுப்பிவைத்த முதல் ஒக்கினாவர்கள் 26 பேர், 1900 ஜனவரியில்தான் ஹொனலுலுவில் இறங்கினார்கள். பிந்தி வந்தவர்கள், பேச்சும் வேறு. கரும்புத் தோட்டத்தில் இவர்களுக்கு மேலே வெள்ளைக்காரக் கங்காணி, பக்கத்தில் ஏளனம் பேசும் ஜப்பானியர். ஜப்பானின் முக்கியத் தீவுகளிலிருந்து வந்தவர்களை 'நைச்சி' என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் ஹவாயில் உண்டு. 'உள்நாடு' என்று பொருள். ஒக்கினாவா வெளியே நிற்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒக்கினாவர் பலர் பன்றி வளர்த்தார்கள். அதை வைத்தே நைச்சிப் பிள்ளைகள் 'பூத்தா காவ்காவ்' (பன்றித் தீனி) என்று பாட்டுக் கட்டிக் கேலி செய்தார்கள். இதே பன்றிதான் பிறகு பெருமையானது. 1945 போரில் ஒக்கினாவா தரைமட்டமாகி, கால்நடைகளும் அழிந்துபோயின. ஹவாய் ஒக்கினாவர்கள் பணம் திரட்டி 550 பன்றிகளை வாங்கினார்கள். 1948இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி, ஏழு பேர் கூடவே போய்ச் சேர்த்தார்கள். ஏளனத்துக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1951இல் ஹவாயில் ஒக்கினாவர்களின் ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. 1990இல் வைப்பியோவில் ஹவாய் ஒக்கினாவா மையம் எழுந்தது. அதே ஆண்டு ஒக்கினாவாவில் உலக உச்சினான்ச்சு விழா தொடங்கியது. ஹவாயில் ஆண்டுதோறும் நடக்கும் ஒக்கினாவா விழாவில் மூன்று நரம்பு சன்ஷின் இசை, எய்சா முரசாட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் கூட்டம் மொய்ப்பது அண்டாகி கடையில். மாவைக் கையில் அள்ளி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிதுக்கி எண்ணெயில் விடுவார்கள். நம் போண்டா போடும் அதே கைப்பழக்கம், இது இனிப்பு. 'அண்டா' எண்ணெய், 'ஆகி' பொரித்தது. மொழி தெரியாத பேரப்பிள்ளைக்கும் இந்தச் சொல் தெரியும்.

மொழிதான் நழுவிக்கொண்டிருக்கிறது. ஒக்கினாவாவிலேயே அது அழியும் நிலையில் இருப்பதாக 2009இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. சொல் மட்டும் விரிந்துகொண்டே போகிறது. ஒக்கினாவா இரத்தம் இல்லாமல் விழாவில் உழைப்பவரையும் 'மனத்தால் உச்சினான்ச்சு' என்று ஹவாயில் சேர்த்துக்கொள்கிறார்கள். இது நீர்த்துப்போவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆள் சேராத மரபு எத்தனை தலைமுறை தாங்கும் என்பதையும் அவர்கள் யோசிக்கட்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? உச்சினாஞ்சு என்று எழுதினால் 'பஞ்சு' போல ஒலிக்கும். உச்சினான்ச்சு என்பது ஒலிக்குச் சரி. ஆனால் ய், ர், ழ் தவிர வேறு மெய்யை அடுத்து இன்னொரு ஒற்று வருவதைப் பழைய இலக்கணம் ஒப்பாது. பெயர்ச்சொல் என்பதால் நான் ஒலியின் பக்கம். பொதுவாகச் சொல்ல 'ஒக்கினாவர்' போதும், கடல் கடந்தவர்களுக்குப் 'புலம்பெயர் ஒக்கினாவர்'. 'ஜப்பானியர்' என்று மட்டும் பெயர்க்கக் கூடாது. மேலே சொன்ன 'ஆனால்' தொலைந்துவிடும். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் அவர்களுடைய 'சொன்ஜின்காய்'க்குப் புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை: யாழ்ப்பாணத்தார் டொராண்டோவிலும் லண்டனிலும் வைத்திருக்கும் 'ஊர்ச் சங்கம்' அப்படியே பொருந்தும்.